ஒரு மாசத்து அண்ணா

கையிலிருந்த பேனாவை மூடி ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள். பென்சிலை எடுத்தாள். நடந்தது இவ்வளவுதான். மார்கழிக் கடைசியில் நடந்தது. தை, மாசி, பங்குனி எல்லாம் போய் இப்போது ஆவணியும் வந்துவிட்டது. அந்தக் கை பேனாவை உள்ளே வைத்ததும் பென்சிலை வெளியே எடுத்ததும் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் ஒரு தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கு வந்திருந்தார். ரமண நகரில் எங்கள் தெருவிலேயே அறை. காலையெல்லாம் ஆசிரமத்தில் உட்கார்ந்திருப்பார். மாலையில் யாருக்காவது உபயோகமாக ஏதாவது செய்யவேண்டும் என்றார். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு நடக்கும் மாலை வகுப்புக்கு நான் அவ்வப்போது போவதுண்டு. அவரையும் அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கணக்கு நோட்டைத் திறந்துகொண்டே கேட்டாள்.

“எத்தனை நாள் வருவீங்க, அண்ணா?”

“ஒரு மாசம் இருப்பேன்மா.”

“சரி அண்ணா.”

அப்போதுதான் பேனா உள்ளே போனது. அவள் முகத்தில் வருத்தமோ குறையோ எதுவும் இல்லை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறவரின் முகம்தான் அது. அந்தத் தம்பி இதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், பிள்ளைகள் சிரித்தார்கள், நேரம் போனதே தெரியவில்லை.

பென்சிலுக்குப் பெரிய காரணம் எதுவும் இருக்கவேண்டியதில்லை. கணக்கைப் பென்சிலில் போட்டுப் பழகு என்று பள்ளியில் சொல்லியிருக்கலாம். பேனாவில் மை தீரும் நிலையில் இருந்திருக்கலாம், அதைப் பள்ளிக்கூடத்துக்கென்று மிச்சம் பிடித்திருக்கலாம். மிச்சம் பிடிப்பது என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். போளூரில் நாங்கள் படித்த காலத்தில் முழுப்பரீட்சை முடிந்ததும் பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களையெல்லாம் அம்மா கிழித்து அடுக்குவாள். கோணி ஊசியில் சணல் கோத்துத் தைத்தால் அடுத்த வருஷத்துக்கு ரஃப் நோட்டு தயார். பென்சிலில் எழுதிய பக்கங்களை நானும் அக்காவும் உட்கார்ந்து ரப்பரால் அழிப்போம். அழித்த தாளில் பழைய எழுத்தின் தடம் லேசாகத் தெரியும், அதன் மேலேயே புதுக் கணக்கைப் போடுவோம். அந்தப் பிள்ளையும் அப்படி ஒரு சிக்கனத்தில் எடுத்திருந்தால்? அழித்துவிட்டுத் திரும்ப எழுதலாமே என்ற கணக்கில்?

அப்படி நினைத்தாலும் மனம் அடங்கவில்லை. ஒரு மாதத்தில் போய்விடுகிறவர் சொல்லித்தருவதுதான் அழிக்கத்தக்கதா என்ற கேள்வி உடனே வந்து நிற்கிறது.

பிறகு ஒருநாள் திருத்துவதற்காக அந்தப் பெண்ணின் நோட்டு என் கைக்கு வந்தது. அரசுப் பள்ளியில் கொடுக்கும் விலையில்லா நோட்டு, அட்டையின் முனை மடங்கிப்போனது. ஒரு பக்கத்தில் யாரோ தராசு ஒன்றை வரைந்து, ஒரு தட்டில் எக்ஸ் போட்டிருந்தார்கள். சில பக்கங்கள் தள்ளி வேறொருவர் கையெழுத்தில் ஆப்பிள் படம். அதற்குக் கீழே எக்ஸ் என்றால் தெரியாத எண் என்று எழுதியிருந்தது. இன்னும் சில பக்கங்கள் போனால் மூன்றாவதாக ஒரு கை, மறுபடியும் தராசு. வந்தவர்கள் எல்லாரும் எக்ஸ் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். சமன்பாட்டைத் தீர்க்கும் இடம்வரை ஒருவரும் போய்ச் சேரவில்லை. ஒவ்வொருவரும் ஆசையோடு தொடங்கியிருப்பார்கள். படங்களைப் பார்த்தாலே அது தெரிகிறது. தராசின் சங்கிலிகூட வளையம் வளையமாக வரைந்திருந்தது.

எங்கள் பகுதியே அப்படிப்பட்டதுதான். கார்த்திகை தீபம் முடிந்ததும் செங்கம் சாலையில் புது முகங்கள் தெரியும். வெளிநாட்டுக்காரர்கள் வாடகை சைக்கிளில் போவார்கள். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பங்குனி வெயில் ஏறியதும் தெரு பழையபடி ஆகிவிடும். வருகிறவர்களில் நல்ல மனம் உள்ளவர்களுக்குக் குறைவே இல்லை. மலையில் மரம் வைக்கிறார்கள், தெருநாய்க்கு மருந்து போடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆங்கிலமும் கற்றுத்தருகிறார்கள். இந்தச் சேவை மனம் இல்லாவிட்டால் ஊர் இன்னும் வறண்டு கிடக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இப்படி வந்துபோனவர் ஒருவர் என் பள்ளிக்காலத்திலும் உண்டு. ஏழாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு ட்ரெய்னிங் டீச்சர் வந்தார். ஆசிரியர் பயிற்சி படிக்கிறவர்கள் சில வாரங்களுக்குப் பள்ளிகளுக்கு வந்து பாடம் நடத்துவார்களே, அப்படி வந்தவர். கலர் சாக்பீஸ், சார்ட், களிமண்ணில் செய்த இதயம். அதுவரை ஆசிரியர்கள் எங்களை ஊர்ப் பெயரையோ அப்பா பெயரையோ சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவர் வந்து நான்கே நாளில் எல்லார் பெயரும் தெரிந்துகொண்டார். அவர் கிளம்பிய அன்று வகுப்பே அழுதது. மறுநாள் எங்கள் பழைய அறிவியல் சார் வந்து, முன்பு விட்ட பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். முகம் கொடுத்துப் பேசமாட்டார், பாடமும் சுவையாக இருக்காது. இரண்டு வருஷம் கழித்து அப்பா இறந்தபோது, ஹாஸ்டல் விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கி, வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த சார்தான். எங்கள் வீடு அவருக்குத் தெரிந்திருந்தது. நாலைந்து வருஷமாக அதே தெரு வழியாகப் பள்ளிக்கு வந்துபோனவர் அல்லவா.

ஆனாலும் பிளஸ் டூவில் நான் அறிவியல் பிரிவு எடுத்தது அந்தக் களிமண் இதயத்தால்தான். சில வாரங்களே இருந்துவிட்டுப் போனவரும் எனக்கு ஏதோ செய்துவிட்டுத்தான் போனார். இவர் பெரியவரா அவர் பெரியவரா என்று கேட்டால் இன்றும் என்னால் சொல்ல முடியாது.

ஆனால் என் நிலைமையும் அந்தப் பிள்ளையின் நிலைமையும் வேறு. டீச்சர் போனார், நானும் வளர்ந்து போளூரை விட்டு வந்தேன். போவதும் வருவதும் எல்லாருக்கும் பொது என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தேன். அந்த முகாமில் போகிறவர்கள் ஒரு ஜாதி, இருப்பவர்கள் ஒரு ஜாதி.

இலங்கையில் 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு அகதிகளின் முதல் அலை. 1990-இல் மறுபடி போர் மூண்டதும் அடுத்தது. பிறகு 1996 வாக்கிலும் 2006-க்குப் பிறகும் என்று படகில் வந்தவர்கள், வந்தவர்களின் பிள்ளைகள், இப்போது பேரப்பிள்ளைகள். தமிழ்நாட்டில் நூறு முகாம்களுக்கு மேல். ஏறத்தாழ 58,000 பேர். இந்தப் பெண்ணின் அம்மா மூன்று வயதில் தலைமன்னாரிலிருந்து படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். மகள் பிறந்ததே திருவண்ணாமலையில். இலங்கையை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தியக் குடியுரிமை கிடையாது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் சட்டம் ஏற்கும். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய்ப் போராடி 2024 தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தபோது, முகாம்களில் அதைத் திருவிழாபோலப் பேசிக்கொண்டார்கள். அந்த 1987 தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு அந்த வழியும் இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை.

வெளியூர் போய்த் தங்கவேண்டுமென்றால் அனுமதி வாங்கவேண்டும். மாதாமாதம் செக்கிங் உண்டு. அன்றைக்குக் குடும்பம் மொத்தமும் வந்து நின்றால்தான் பணக்கொடை. 2021-இல் அரசு அதைக் கூட்டியது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500. அகதி முகாம் என்ற பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் ஆக்கியதும் 7,469 புது வீடுகள் அறிவித்ததும் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். நல்ல காரியங்கள், மறுக்கவில்லை. ஆண்கள் பெரும்பாலும் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். ஊரில் எத்தனையோ புது வீடுகளின் சுவர் அவர்கள் கை பட்டதுதான்.

இப்படி ஓரிடத்தில் இருக்கவைக்கப்பட்ட பிள்ளைக்கு, எதிரே வந்து உட்காருகிறவர் எத்தனை நாள் இருப்பார் என்பதுதான் முதலில் தெரியவேண்டிய விஷயம். எவ்வளவு கற்கலாம், எவ்வளவு ஒட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

நோட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ரமணர் வாழ்க்கையில் படித்த ஒன்று நினைவுக்கு வருகிறது. 1896 ஆகஸ்ட் 29. அப்போது அவர் மதுரையில் பதினாறு வயது வேங்கடராமன். பெயின் எழுதிய ஆங்கில இலக்கணத்தைச் சரியாகப் படிக்காததற்கு மூன்று முறை எழுதிவரும்படி தண்டனை. இரண்டு முறை எழுதிவிட்டார். மூன்றாவது முறை எழுதாமல் தாள்களை ஒதுக்கிவைத்தார். அன்றே வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ஆம் தேதி இந்த ஊரில் வந்து இறங்கினார். 1950-இல் உடல் விழும்வரை ஊரைவிட்டுப் போகவே இல்லை. இத்தனை பேர் வந்துபோகும் இந்த இடம், வந்து போகாமலே இருந்துவிட்ட ஒருவரால் உண்டானது. பாதியில் நின்ற ஒரு நோட்டு அவர் கதையிலும் இருக்கிறது. அதற்கு என்ன பொருள் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. பொருள் சொல்லாமலே வைத்துக்கொள்கிறேன்.

வந்த புதிதில் அவரும் அடையாளம் இல்லாத, வாய் பேசாத பையன்தான். ஊர்ச் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். சோறு போட்டவர்களும் இருந்தார்கள். அவர்களில் எனக்கு எச்சம்மாள் நெருக்கம். எங்கள் போளூர்ப் பக்கம் மண்டகொளத்தூர்க்காரர். கணவரையும் பெற்ற பிள்ளைகளையும் பறிகொடுத்து, துக்கம் தாளாமல் 1907 வாக்கில் ரமணரிடம் வந்தவர், அன்றிலிருந்து தினமும் சமைத்து எடுத்துக்கொண்டு மலை ஏறினார். விரூபாட்ச குகைக்கும் கந்தாசிரமத்துக்கும் பிறகு அடிவாரத்து ஆசிரமத்துக்கும் அந்தச் சோறு போயிற்று. 1945-இல் கண்மூடும்வரை நிறுத்தவில்லை. எச்சம்மாளும் மன ஆறுதல் தேடி வந்தவர்தான் என்பதை நான் மறக்கக்கூடாது. தன் நிம்மதிக்காக வந்து பிறருக்கு உதவுவது தவறென்றால் அவருடைய முப்பத்தெட்டு வருஷச் சோறும் தவறாகிவிடும். பெங்களூர்த் தம்பியும் நிம்மதி தேடித்தான் வந்தார். இருவருக்கும் உள்ள வித்தியாசம், எச்சம்மாள் மறுநாளும் வந்தார். எல்லாரையும் எச்சம்மாளாக இருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அந்தத் தம்பிக்கு வேலை இருக்கிறது, வீட்டுக்கடன் இருக்கிறது, சேலத்தில் வயதான அம்மா இருக்கிறார்.

வகுப்பைத் தாங்கி நிற்பது யாரென்று இன்னும் சொல்லவில்லை. முகாமிலேயே பிறந்த பெண், பி.காம். முடித்தவள். பகலில் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். மாலை ஆறு மணிக்கெல்லாம் பிள்ளைகளுக்கு முன்னால் இருப்பாள். பிள்ளைகளுக்கு அக்கா. முகாம்களில் இந்த வழக்கம் பழையது. இலங்கைத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதி இளைஞர்களையே அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வைத்தது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கல்லூரிக் கதவுகள் இவர்களுக்கு அடைபட்ட காலத்திலும் மாலை வகுப்புகள் நடந்தன. கதவு மறுபடி திறந்தபோது உள்ளே போகத் தயாராகப் பிள்ளைகள் இருந்தார்கள் என்றால் அது இந்த அக்காமார், அண்ணன்மாரால்தான். அவர்களை யாரும் தன்னார்வலர் என்று அழைப்பதில்லை. யாரும் சால்வை போர்த்துவதும் இல்லை. அந்த நோட்டிலும் மையில் எழுதிய பக்கங்கள் பெரும்பாலும் அக்கா நடத்திய பாடங்கள்.

பெரும்பாலும் என்றுதான் சொல்லமுடியும். பிரெஞ்சுக்காரப் பெண்மணி ஒருவர் சொல்லித்தந்த ஆங்கிலப் பாடம் ஒன்று அழகாக மையில் இருக்கிறது. அக்கா போட்ட கணக்கு ஒன்று பென்சிலில் இருக்கிறது. என் எதிரே அந்தப் பிள்ளை எதை எடுக்கிறாள் என்று பார்க்கவும் தொடங்கிவிட்டேன். சில நாள் பேனா, சில நாள் பென்சில், ஒரு விதியும் தென்படவில்லை. அவளிடமே கேட்டுவிடலாம். கேட்டால் அதற்குப் பிறகு பென்சிலை எடுக்கும்போதெல்லாம் யோசிப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பாரத்தை அவள்மேல் ஏற்ற மனமில்லை.

அவளுடைய அம்மம்மாவிடம் ஒருநாள் பொதுவாகப் பேச்சுக் கொடுத்தேன், இப்படி வந்து வந்து போகிறார்களே என்று. “வரட்டும் பிள்ளை. ஆக்கள் வந்து போனால்தானே இதுகளுக்கு வெளியில ஒரு உலகம் இருக்கெண்டு தெரியும்” என்றார். அக்காவின் எண்ணம் வேறு. புதிதாக ஒருவர் வந்து போனால் பிள்ளைகளைப் பழைய பாடத்துக்குத் திருப்ப ஒரு வாரம் ஆகிறது என்கிறாள். முழுப்பரீட்சைவரை ஒரே ஆள் நின்றால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனிலேயேகூட நடத்தலாம், ஆனால் ஒரு ஞாயிறும் தவறக்கூடாது என்பது அவள் கணக்கு. இருவரும் அதே முகாமில் வாழ்கிறவர்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

சென்ற வாரம் பெங்களூரிலிருந்து அந்தத் தம்பி எழுதியிருந்தார். இந்த மார்கழிக்கும் வருகிறாராம், உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரையும் அழைத்துவருகிறாராம், பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவரலாம் என்று கேட்கிறார். வாருங்கள் என்று எழுதலாம். எழுதினால் எக்ஸ் என்றால் என்ன என்று இன்னும் மூன்று பேர் தொடங்குவார்கள். வருவதானால் வருஷம் முழுக்க ஞாயிறு தவறாமல் போனில் நடத்துங்கள் என்று அக்கா சொன்னதையே எழுதலாம். அதைப் படித்துவிட்டு அவர் வராமலே இருந்துவிட்டால், களிமண் இதயத்தோடு வந்த என் டீச்சரைப்போல அந்த ஒரு மாதத்தில் யாருக்கு எது கிடைத்திருக்குமோ, அதுவும் போய்விடும். எழுதித் திருத்தி வைத்திருக்கும் இரண்டு பதில்களுமே படிக்கும்போது சரியாகத்தான் படுகின்றன. அவர் டிக்கெட் போடுவதற்குள் ஒன்றை அனுப்பியாகவேண்டும். எதை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.