எது அந்தக் குடில்?

அமெரிக்க நாட்டின் கெண்டக்கி மாநிலத்தில், ஹாஜன்வில் என்னும் ஊரருகே, கல் மண்டபம் ஒன்று உளது. அதற்கு 56 படிகள். ஆபிரகாம் லிங்கன் வாழ்ந்த ஆண்டுகளும் 56 அன்றோ? உள்ளே முழுமரங்களை அடுக்கிக் கட்டிய சிறு குடில் நிற்கிறது. அடிமைத்தளையை அறுத்த அப்பெரியார் 1809-இல் பிறந்த வீடு இதுவே என மக்கள் நெடுங்காலம் நம்பினர்.

1894-இல் வணிகர் ஒருவர் லிங்கன் பிறந்த நிலத்தை வாங்கினார். அருகிலிருந்த வீடொன்றின் மரங்களைப் பெயர்த்துக் கொணர்ந்து அங்கே குடில் எழுப்பினார். அதனைப் பிரித்து 1897-இல் நாஷ்வில் பொருட்காட்சியில் வைத்தனர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டாரின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பிறந்த குடிலென ஒன்றும் உடன் வைக்கப்பட்டது. இரண்டின் மரங்களும் பின்னர்க் கலந்துபோயின என்பர். (விதியின் நகை போலும்!) பின்பு கிடங்கில் கிடந்து, ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் ஈந்த பொருளால் எழுந்து 1911-இல் திறக்கப்பெற்ற மண்டபத்தை அடைந்தது. அங்கே, காண்போர் சுற்றிவர இடம் போதாதெனக் கருதி, மரங்களை அறுத்துக் குடிலைச் சிறிதாக்கினர்.

2004-இல் மரங்களின் ஆண்டுவளையங்களை ஆராய்ந்தனர். லிங்கன் பிறந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அவை வெட்டப்பட்டவை என்பது வெளியாயிற்று.

நாம் ஆலையில் உழைத்த நாளில், தறியொன்றின் நாடாவும் அச்சும் உருளையும் தேயத்தேய மாற்றப்பட்டன. ஆயினும் பழைய தறி என்றே அதனை வழங்கினோம். நெசவு இடையறாது ஓடிற்றல்லவா? தேரின் எவ்வுறுப்புத் தேர் என நாகசேனர் மிலிந்த மன்னனை வினவியதை அன்பர்கள் அறிவர். உறுப்பு மாறினும் தொடர்ச்சி இருப்பின் பெயர் நிற்கும். இக்குடிலிலோ மரமும் அதுவன்று, தொடர்ச்சியும் இல்லை.

அங்ஙனமாயின், பொருளீந்த எளியோர் ஏமாந்தனரோ? ஏமாந்தனர் என்றே நாம் கூறுவோம். நல்லோர் பெயரால் சொல்லினும் பொய் பொய்யே. எனினும் நம்மை உறுத்துவது வேறொன்று. மெய்யான குடிலென நம்பியவர்களே அதனை வாளால் அறுத்தனர்! மெய்யென்று வணங்கிய பொருளைக் கூடத்தின் அளவுக்குக் குறுக்க அவர் கை எங்ஙனம் துணிந்தது? இன்று அதனைக் காப்போரோ, பிறந்த வீடன்று, அதன் அடையாளமே எனப் பறைசாற்றுகின்றனர். அவ்வாறே அதனைப் பேணுகின்றனர். இவ்விருவருள் லிங்கனை மதித்தவர் பின்னவரே என நமக்குத் தோன்றுகிறது.