குமிழுக்கு வெளியே

மாங்காவில் குமிழுக்குள் இருப்பது பேச்சு. குமிழுக்கு வெளியே, வெறும் தாளில் நிற்பது மனக்குரல்.

கண் இரண்டையும் தானாகவே பிரித்துக்கொள்கிறது.

•

1970களில் ஹாகியோ மோத்தோ, தாகேமியா கெய்கோ, ஓஷிமா யுமிகோ என்ற மாங்கா கலைஞர்கள். சிறுமியருக்கான இதழ்கள். மனக்குரல் கட்டங்களின் கோட்டைத் தாண்டுகிறது. கூந்தல் மேல், பூக்கள் மேல், வெண்மையின் மேல் மிதக்கிறது.

வாய் மறைப்பதை அந்தக் குரல் சொல்லிவிடும். வாசிக்கிற மனம் அப்படி நம்பிப் பழகுகிறது.

•

நகாதானி நியோவின் 'யகதே கிமி நி நாரு'. 2015 முதல் 2019 வரை. எட்டுத் தொகுதிகள்.

பள்ளி மாணவி யூ. பாடல்களில் காதல் மினுங்குகிறது, மாங்காவில் மினுங்குகிறது. படித்தால் புரிகிறது. தன்னிடம் வருவதில்லை.

ஒருவன் காதலைச் சொல்லியிருக்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.

நாள் போகிறது.

•

மறுத்துச் சொல்லத் தொலைபேசியை எடுக்கிறாள். அருகே மேல்வகுப்பு மாணவி தோகோ. யூவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

பேசி முடிந்தபின்னும் விடவில்லை.

•

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ரயில் கடக்கும்போது தோகோ முத்தமிடுகிறாள்.

யூவின் குரல்: ஒன்றும் இல்லை. நெஞ்சு படபடக்கவில்லை.

படமும் அதையே சொல்கிறது. கண்கள் திறந்திருக்கின்றன. முகத்தில் ஒரு கோடும் கூடுதலாக இல்லை.

•

தோகோவுக்குத் தன்னைப் பிடிக்காது. தனக்குப் பிடிக்காத ஒன்றை நேசிப்பவரை அவளால் நேசிக்க முடியாது.

அதனால் கேட்கிறாள், என்னைக் காதலிக்காதே என்று.

யூ சரி என்கிறாள்.

இதற்குப் பிறகு குரலுக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. காவல் காக்கிற வேலை.

•

தோகோ கொடுத்த சிறிய கோளரங்க விளக்கு. அறையை இருட்டாக்கி யூ அதைப் போடுகிறாள். கூரையில் புள்ளிகள்.

ஏன் போடுகிறாள் என்று குரல் சொல்லவில்லை.

நான் இந்தப் பக்கத்தில் நெடுநேரம் நிற்கிறேன். எழுத்தே இல்லாத இடத்தில் மூச்சு மெதுவாகிறது.

•

யூவின் கன்னத்தில் சாய்ந்த சிறு கோடுகள். மூன்றோ நான்கோ. அடுத்த கட்டத்தில் இல்லை.

விரல் எதையோ பற்றப் போய் நிற்கிறது.

குரல் மட்டும் 'ஒன்றும் இல்லை' என்ற அதே வாக்கியத்தில்.

இதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. பொய் சொல்கிறவருக்கு உண்மை தெரிந்திருக்கும். இவளுக்கு இன்னும் செய்தி வந்து சேரவில்லை. கைக்கு வந்துவிட்டது.

•

உரைநடையில் சொல்பவர் ஒருவரே. அவர் தடுமாறினால் அவர் சொல்லிலேயே விரிசலைத் தேட வேண்டும். இங்கே தூரிகை தனியே நடக்கிறது. சொல்பவளுக்குத் தெரியாததை அவள் முகம் வைத்திருக்கிறது.

அவளுக்கு முன் வாசிக்கிற நான் அறிந்துவிடுகிறேன். அதில் கொஞ்சம் கூச்சம்.

•

ஆறாம் தொகுதி. யூ சொல்லிவிடுகிறாள், பிடித்திருக்கிறது என்று.

தோகோவின் வாயில் வருவது ஒரு மன்னிப்பு.

•

முன்பக்கங்களுக்குத் திரும்புகிறேன். ரயில்வே கேட்டில் அந்த வாக்கியம் உண்மை. பின்னொரு நாள் அதே வாக்கியம் உண்மையில்லை. ஒரு சொல்லும் மாறவில்லை.

எந்தக் கட்டத்தில் என்று தேடுகிறேன்.

இரண்டு கட்டங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு. அங்கே யாரும் எதையும் வரைவதில்லை.

•

பள்ளியின் மாணவர் மன்றத்தில் மாகி என்றொரு பையன். அவனும் யாரையும் காதலிப்பதில்லை. பிறர் காதலைப் பார்ப்பது அவனுக்குப் பிடிக்கும், நாடகம் பார்க்கிறவன் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல. கதை அவனைக் குறையுள்ளவனாக வைக்கவில்லை. இந்த மரியாதைக்காகவே நகாதானியை நேசிக்கிறேன்.

யூவும் தன்னைப் போலத்தான் என்று முதலில் அவன் நினைக்கிறான்.

ஒரே வாக்கியம், இரண்டு பேர்.

மாகியின் சொல்லை எந்தக் கட்டமும் மறுப்பதில்லை. யூவின் சொல்லையும் தொடக்கத்தில் எதுவும் மறுக்கவில்லை.