‘ஓம்’ என்று கூப்பிட்டவன்



நம் செலாயாங் சமய வகுப்பில் போன மாதம் ஒரு தம்பி எழுந்து நின்று கேட்டார். “அண்ணா, ‘ஓம்’ங்கிற சத்தம் நிறைய மொழியில இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு அர்த்தம். நாம மட்டும் அதைப் புனிதம்னு சொல்றோமே, ஏன்? அது வெறும் சத்தம்தானே?”

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குள் என்னுடைய பழைய தவறு ஒன்று இருக்கிறது. அன்று வகுப்பில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில், தம்பி சொன்னது உண்மைதான். ருமேனிய மொழியில் ‘ஓம்’ என்றால் மனிதன். டச்சு மொழியில் ‘ஓம்’ என்றால் மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாம்தான். டச்சுக்காரர்கள் நெடுங்காலம் ஆண்ட இந்தோனேசியாவில் அந்தச் சொல் தங்கிவிட்டது. நம் ஊரில் ‘பாக்சிக்’ என்று கூப்பிடுவது போல, அங்கே வயதில் மூத்த ஆணை ‘ஓம்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அதே இந்தோனேசியாவில், பாலித் தீவின் இந்துக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் ‘ஓம் சுவஸ்தியஸ்து’ என்று வாழ்த்துகிறார்கள். ஒரே நாட்டில் ஒரு ‘ஓம்’ மாமா, இன்னொரு ‘ஓம்’ மந்திரம்!

எஸ்.பி.எம். இயற்பியல் படிக்கும் தங்கச்சிமார்களுக்கு ‘ஓம் விதி’ தெரியும். அது 1789-இல் பிறந்த ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் என்பவரின் குடும்பப் பெயர். மின்தடையை இன்று உலகமே அவர் பெயரால்தான் அளக்கிறது.

தமிழுக்குள்ளேயே பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலை கந்தசுவாமி கோயில் பக்கம் போனால், யாழ்ப்பாண வழி வந்த பாட்டிமார்கள் பேசுவதைக் கேட்கலாம். “சாப்பிட்டாச்சா பாட்டி?” என்றால், “ஓம், ஓம்” என்பார்கள். நாம் ‘ஆமாம்’ என்கிறோம், அவர்கள் ‘ஓம்’ என்கிறார்கள். அவ்வளவுதான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா காலைச் சந்தையில் காய்கறிக் கடை போட்டிருந்தார். விடிவதற்கு முன்பே செலாயாங் பசார் போரோங்குக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் நான் தினமும் குளித்துத் திருநீறு பூசி, 108 முறை ஓம் சொல்லிவிட்டுத்தான் வெளியே கிளம்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒருநாள் அப்பா குனிந்து தக்காளிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் ஓம் டாலர். திடீரென்று, மூட்டை தூக்கும் இந்தோனேசியப் பையன் ஒருவன் அவரைப் பார்த்து “ஓம்! ஓம்!” என்று கத்தினான். நம் சாமியைக் கிண்டல் பண்ணுகிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. பாய்ந்து போய் அவன் சட்டையைப் பிடித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லக்கூடாத வார்த்தைகளும் அதில் இருந்தன. அவன் ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் கையை மட்டும் நீட்டிக் காட்டினான்.

அப்பா நின்ற இடத்தில் ஒரு லோரி பின்பக்கமாக வந்து நின்றிருந்தது. தக்காளிப் பெட்டி நசுங்கிக் கிடந்தது. அப்பா இரண்டடி தள்ளி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“டேய், விடுடா அவனை,” என்றார் அப்பா. “அவன் என்னை மாமான்னு கூப்பிட்டான்டா. அவன் கத்தலைன்னா நான் இந்நேரம் அடியில கிடப்பேன்.”

அன்று நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம். அடுத்த வாரம் தேடிப் போனேன். அவன் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெயர்கூடத் தெரியாது. அந்த மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.

தம்பி, உங்கள் கேள்விக்கு இனித்தான் பதில்.

சாந்தோக்கிய உபநிடதம் ஓங்காரத்தை விளக்கும்போது, அது இசைவைக் காட்டும் எழுத்து என்கிறது. ஒருவன் ஒன்றுக்குச் சம்மதிக்கும்போது ‘ஓம்’ என்றுதான் சொல்கிறான் என்று விளக்குகிறது. யாழ்ப்பாணப் பாட்டியின் ‘ஓம்’ உபநிடதத்திலும் இருக்கிறது, பார்த்தீர்களா? தமிழில் ‘ஓம்பு’ என்றால் காப்பாற்று, பேணு. திருக்குறளில் ‘விருந்தோம்பல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. வடமொழியிலும் ‘காத்தல்’ என்ற பொருள் தரும் வேரிலிருந்து ஓம் வந்தது என்று விளக்கம் சொல்லும் மரபு உண்டு.

அப்படியானால் அன்று பசாரில் உண்மையிலேயே ஓம் சொன்னவர் யார்? காலையில் 108 முறை சொன்ன நானா, ஒரு முன்பின் தெரியாத பெரியவரைக் காப்பாற்றக் கத்திய அவனா?

அதற்காக ஜபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் இன்றுவரை விடவில்லை. ஆனால் ஓம் என்பது சம்மதம் என்றால், நாம் எதற்குச் சம்மதம் சொல்கிறோம் என்று தெரிய வேண்டாமா? இறைவன் எல்லா உயிரிலும் இருக்கிறான் என்பதற்கு ‘ஓம்’ சொல்லிவிட்டு, அடுத்த மணி நேரத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் சட்டையைப் பிடித்தால், காலையில் சொன்னது வெறும் சத்தம்தான். அந்த அளவுக்குத் தம்பி கேட்டது சரி. சொல்லுக்குச் சொந்தம் கொண்டாட நான் துடித்தேன். அதன் பொருளுக்குக் கட்டுப்படவில்லை.

மாண்டூக்கிய உபநிடதம் அ, உ, ம என்ற மூன்றோடு நிற்கவில்லை. அவற்றைக் கடந்த நான்காவது நிலை ஒன்றைச் சொல்கிறது. பெரியோர் அதை ஓம் அடங்கிய பின் வரும் மௌனத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். நாம் அந்த மௌனத்துக்கு நேரம் கொடுப்பதே இல்லை. முடித்தவுடன் கைப்பேசியைத் தேடுகிறோம்.

இதோ நம் பக்கத்திலேயே பத்துமலை. 272 படியேறிப் போய்க் கும்பிடுகிறோமே, அந்த முருகன் பிரணவத்தின் பொருளைத் தன் தந்தைக்கே சொன்னவன். சிவபெருமானே சீடனாக இருந்து காது கொடுத்துக் கேட்டார். கேட்பதில் அவருக்கு ஒரு குறைவும் வரவில்லை. எனக்கோ, என் அப்பா சொல்லித்தான் ஒரு ‘ஓம்’ காதில் விழுந்தது.

ஆகவே இந்த மாதம் ஒன்று செய்து பாருங்கள். ஓம் சொன்ன பிறகு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். “இன்று நான் எதற்குச் சரி சொன்னேன்? யாரை ஓம்பப் போகிறேன்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வெளியே போங்கள்.

பசார் போரோங் பக்கம் போகும்போது யாராவது உங்கள் அப்பாவை ‘ஓம்’ என்று கூப்பிட்டால், நின்று ஒரு புன்னகையாவது கொடுங்கள். என் கணக்கில் ஒன்று குறையட்டும்.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி.