கணிப்பும் கர்வமும்

கணித்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கணக்குப் பார்த்து மதிப்பிடுவதும் கணித்தலே. சாதகம் பார்த்துக் குறி சொல்வதும் கணித்தலே. முன்னது அறிவின் தொழில். பின்னதோ மறைவானதை அறிந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளும் துணிச்சல். ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டும் குடியிருப்பதாலோ என்னவோ, ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்பதை மனிதன் அடிக்கடி மறந்துவிடுகிறான்.

இம்மறதியை நாம் கண்கூடாகக் காணும் இடங்களில் ஒன்று கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் சண்டைப் போட்டி. குத்துச்சண்டை, மற்போர், ஜூடோ, ஜியு-ஜிட்சு முதலிய பல கலைகளையும் ஒன்றாய்க் கலந்து, எண்கோணக் கூண்டுக்குள் இருவர் மோதும் விளையாட்டு இது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் சனிக்கிழமை இரவு நடைபெறும் போட்டி, நம் நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதில் கைப்பேசித் திரைகளில் தெரிகிறது. அதற்குப் பல நாள் முன்னரே, “இவர்தாம் வெல்வார், அதுவும் இரண்டாம் சுற்றிலேயே வெல்வார்” என்று சொல்லும் குரல்கள் எழுந்துவிடுகின்றன. நம் இல்லத்து இளைஞர் சிலரின் குரலும் அவற்றுள் கலந்திருப்பதை நாம் அறிவோம்.

முகத்தில் அடிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஆகவே இத்தகைய சண்டை ஆகுமா என்பது மார்க்க அறிஞர்கள் தீர்ப்புரைக்க வேண்டிய கேள்வி. அதனுள் நாம் புகவில்லை. நாம் இங்கு ஆராய விரும்புவது வேறொன்று. நாளை நடக்கவிருக்கும் ஒரு மோதலில் வெல்பவர் இவர்தாம் என்று இன்றே சொல்வது அறிவா, ஆணவமா? அதில் குற்றம் இருக்குமாயின், அது எந்த இடத்தில் நுழைகிறது?

வருவதை மதிப்பிடுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. நம் முன்னோரான மரக்காயர்கள் பருவக்காற்றைக் கணித்துத்தான் பாய்மரம் விரித்தார்கள். காற்று எப்போது திரும்பும் என்று அறியாதவன் கப்பல் செலுத்த இயலாது. அவர்கள் கணிக்கவும் செய்தார்கள். கரையில் நின்று கையேந்தவும் செய்தார்கள். கணிப்பு அவர்களுடைய இறைஞ்சுதலைக் குறைக்கவில்லை. இறைஞ்சுதல் அவர்களுடைய கணிப்பைக் குலைக்கவும் இல்லை.

சண்டைக் களத்திலும் அறிவுக்கு இடமுண்டு. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் இப்போட்டிகளின் முதல் நிகழ்ச்சி நடந்தது. வெவ்வேறு கலைகளில் தேர்ந்த எண்மர் களமிறங்கினர். அவர்களுள் மலைபோன்ற சுமோ வீரர் ஒருவர் இருந்தார். குத்துச்சண்டை வீரரும் இருந்தார். பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி அவர்களுக்கிடையே மெலிந்து தெரிந்தார். எடை ஏறத்தாழ 80 கிலோதான். உடலை மட்டும் பார்த்துக் கணித்தவர்கள் அவரைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். சுமோ வீரரோ முதல் மோதலிலேயே அரை நிமிடத்திற்குள் வீழ்ந்தார். கிரேசி ஒரே இரவில் மூவரை வென்று பட்டம் பெற்றார். எதிரியைத் தரையில் கிடத்திப் பூட்டுப்போடும் கலையை அந்நாளில் பலரும் அறிந்திருக்கவில்லை. கண் ஏமாந்தது; கல்வி வென்றது. அதன்பின் கணிப்பவர்கள் உருவத்தை விட்டு, கலையையும் கைகால் எட்டும் தூரத்தையும் மூச்சுத் திறனையும் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். இது மெய்யான முன்னேற்றமே.

ஆயினும் கற்றவர்களின் கணிப்பும் எத்தனை முறை மண்ணைக் கவ்வியிருக்கிறது! 2022 ஆகஸ்ட் 20 அன்று சால்ட் லேக் சிட்டி நகரில் கமாரு உஸ்மான், லியான் எட்வர்ட்ஸ் ஆகிய இருவரும் பட்டத்துக்காக மோதினர். உஸ்மான் இந்த அமைப்பின் களத்தில் தொடர்ந்து 15 வெற்றிகள் கண்டவர். முன்பே 2015இல் எட்வர்ட்ஸை வென்றவரும்கூட. ஐந்து சுற்றுகளில் நான்கு முடிந்திருந்தன. மூன்று நடுவர்களின் ஏடுகளிலும் உஸ்மானே முன்னணியில் இருந்தார். ஐந்தாம் சுற்றும் முடியப்போகிறது. எஞ்சியிருந்தது 56 நொடிகள். அப்போது எட்வர்ட்ஸின் இடக்கால் உயர்ந்து உஸ்மானின் தலையில் இறங்கியது. பட்டம் கைமாறியது. இருபத்து நான்கு நிமிடங்கள் சரியாக இருந்த கணிப்பு, ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் பொய்த்தது.

அப்படியானால், “உஸ்மான் வெல்வார்” என்றவர்கள் பொய்யர்களா? இல்லை. பத்தில் ஏழு முறை மழை வரும் என்று சொன்னவன், மழை வராத ஒரு நாளினால் பொய்யனாகிவிட மாட்டான். அவன் சொன்னதிலேயே வராத மூன்று முறைகளும் அடங்கியிருக்கின்றன. அவன் உண்மையாளனா என்பதை ஒரு நாள் சொல்லாது. நூறு நாள் கணக்கே சொல்லும்.

இக்கணக்கை எப்படிப் பார்ப்பது என்பதற்கு 1950இல் அமெரிக்க வானிலை அறிஞர் கிளென் பிரையர் ஒரு வழி வகுத்தார். எளிமையான வழிதான். நடக்கும் என்று நூற்றுக்கு 70 பங்கு நம்பிக்கை தெரிவித்தவரின் கூற்று நடந்துவிட்டால், அவர் விட்ட குறை 0.3, அதன் இருமடி 0.09. நடக்காவிட்டால் குறை 0.7, அதன் இருமடி 0.49. இவ்வெண் சிறிதாக இருக்க இருக்க நல்லது. நூற்றுக்கு 95 பங்கு என்று மார்தட்டியவருக்கோ, நடந்தால் விழும் பிழை மிக மிகச் சிறிது; நடக்காவிட்டால் 0.9025! ஒன்றுமே தெரியாதென்று ஒப்புக்கொண்டு ஐம்பது பங்கு என்று சொன்னவருக்கு எது நடந்தாலும் 0.25தான். தெரியாது என்றவன் தப்பிக்கிறான். எல்லாம் தெரியும் என்றவன் அகப்படுகிறான். அறியாமையைவிட ஆணவத்திற்கே தண்டனை மிகுதி என்னும் அறவுரை, ஒரு வானிலைச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருப்பது வியப்பன்றோ!

ஆகவே கணிப்பவனுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. போட்டிக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். எவ்வளவு உறுதி என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பொய்த்ததை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் நாம் காண்பது என்ன? பலித்ததைப் பத்துப் பேரிடம் சொல்கிறோம். பலிக்காததை நாமே மறந்துவிடுகிறோம். “நான் அன்றைக்கே நினைத்தேன்” என்று போட்டி முடிந்தபின் சொல்வது எளிது. அது கணிப்பன்று, பொய்யின் மெல்லிய வடிவம்.

யார் வெல்வார் என்பது ஒருபுறம் இருக்க, போட்டி நடக்குமா என்பதே நம் கையில் இல்லை. தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நூர்மகமதோவும் அமெரிக்கரான டோனி பெர்குசனும் மோதினால் வெல்பவர் யார் என்று உலகெங்கும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். அப்போட்டி ஐந்து முறை அறிவிக்கப்பட்டது. 2015இல் கபீபின் விலா எலும்பு தடுத்தது. 2016இல் பெர்குசனின் நுரையீரல் தடுத்தது. 2017இல் எடையைக் குறைக்கும் முயற்சியில் கபீப் நோயுற்றார். 2018இல் போட்டிக்குச் சில நாட்களே இருக்கையில், தொலைக்காட்சி நிலையமொன்றில் கிடந்த கம்பிவடம் இடறி பெர்குசனின் முழங்கால் முறுக்கிக்கொண்டது. 2020இல் கொரோனா வந்தது. அம்மோதல் கடைசிவரை நடக்கவே இல்லை. அதைப்பற்றிச் சொல்லப்பட்ட எண்ணற்ற கணிப்புகளுள் மெய்யானதும் இல்லை, பொய்யானதும் இல்லை. தரையில் கிடந்த ஒரு கம்பிவடத்தை எந்தக் கணிப்பாளன் கணக்கில் சேர்த்திருந்தான்? நாளையைப் பற்றிப் பேசும்போது ‘இன்ஷா அல்லாஹ்’ என்று நாம் சொல்வதை வெறும் வழக்கமென்று நினைப்பவர்கள் இதைச் சற்றே எண்ணிப்பார்க்கட்டும். அச்சொல் கணிப்புக்குப் பகையன்று. நம் அறிவுக்கு ஓர் எல்லை உண்டென்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அது.

இதுவரை நாம் பேசியது பிழையைப் பற்றி. இனிப் பேச வேண்டியது குற்றத்தைப் பற்றி. கணிப்பின்மீது பணம் ஏறும்போது அது சூதாகிறது. சூது நமக்கு விலக்கப்பட்டது என்பதை எடுத்துரைக்கத் தேவையில்லை. அதன் கணக்கை மட்டும் பார்ப்போம். இரு வீரர்களும் சமவலிமை உடையவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 வெல்ல 110 வைக்க வேண்டும் என்பது பந்தயக்காரர்களிடம் பரவலாக உள்ள விகிதம். இவ்விகிதத்தில் ஒருவன் நட்டமின்றி மீள்வதற்கே நூற்றுக்கு ஐம்பத்திரண்டரை முறையளவில் சரியாகச் சொல்லியாக வேண்டும். நாணயத்தைச் சுண்டினால் ஐம்பது முறைதான் சரியாகும். இடையிலுள்ள அந்தச் சிறு வேறுபாடு, போட்டிதோறும் பந்தயக்காரனின் பெட்டிக்குள் போய்ச் சேர்கிறது.

பணநட்டம் சிறிது, மனநட்டமே பெரிது. 2022 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு போட்டி நடந்தது. அது தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்னதாக, ஒருவர் தோற்பார் என்னும் பக்கம் பந்தயப் பணம் திடீரெனக் குவிந்தது. களத்தில் அவர் ஓங்கி ஓர் உதை விட்டார், கால் தாங்கவில்லை. 67 நொடிகளில் எல்லாம் முடிந்தது. அவர் முன்பே காயமுற்றிருந்ததும், அதைப் போட்டி ஆணையத்திடம் சொல்லாமல் மறைத்ததும் பின்னர் வெளிப்பட்டன. கனடாவின் ஒன்றாரியோ மாகாணம் சில வாரங்களுக்கு இப்போட்டிகள் மீதான பந்தயத்தையே நிறுத்தி வைத்தது. ஒரு மனிதனின் காயம் மருத்துவன் அறிய வேண்டிய செய்தி; அதற்கு மருந்திட வேண்டும். பந்தய உலகிலோ அது விலைபோகும் சரக்கு!

எடை பார்க்கும் நாளையும் எண்ணிப் பாருங்கள். குறித்த எடைக்குள் வருவதற்காக வீரர்கள் உடலின் நீரை வற்றவைக்கிறார்கள். 2015 டிசம்பரில் மணிலா நகரில், இப்படி எடை குறைக்க முயன்ற 21 வயதுச் சீன வீரர் ஒருவர் களமேறு முன்பே உயிரிழந்தார். எடைக்கருவியின்மேல் நிற்கும் வீரரின் ஒட்டிய கன்னத்தையும் குழிவிழுந்த கண்ணையும் பார்த்து, “இவர் தளர்ந்துவிட்டார், எதிரியே வெல்வார்” என்று கணிப்பவர்கள் உண்டு. அக்கணிப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு தாயின் கண் அதே முகத்தைப் பார்த்தால் என்ன சொல்லும்?

“நாங்கள் பணம் வைப்பதில்லை; பொழுதுபோக்காகத்தான் சொல்கிறோம்” என்று நம் இளைஞர்கள் கூறலாம். அது பெரிய வேறுபாடுதான், மறுக்கவில்லை. எனினும் காசுக்குப் பதிலாகத் தன் பெயரைப் பந்தயமாக வைப்பவனும் உண்டு. “இவர் தோற்பார்” என்று பத்துப் பேர் முன்னிலையில் சொல்லிவிட்ட ஒருவன், மறுநாள் திரையின்முன் அமர்கிறான். தோற்பார் என்று சொல்லப்பட்டவர் நன்றாகச் சண்டையிடுகிறார். அப்போது இவன் உள்ளம் எதை விரும்புகிறது? தன் சொல் பலிக்க வேண்டுமே என்பதற்காக, முன்பின் அறியாத ஒரு மனிதனின் தாடை உடைய வேண்டும் என்று விரும்பவில்லையா? கணிப்பு விருப்பமாக மாறும் அந்தக் கணமே குற்றம் நுழையும் வாசல் என்று நாம் கருதுகிறோம். அறிவு அங்கே தன் தொழிலை விட்டுவிட்டது. அதன் இருக்கையில் கர்வம் ஏறி அமர்ந்துவிட்டது.

இதை இன்னும் தெளிவாக்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடிப்போம். 2020 அக்டோபர் 24 அன்று அபுதாபியில் கபீப் நூர்மகமதோவ், ஜஸ்டின் கேத்ஜியுடன் மோதினார். கபீபை வளர்த்துப் பயிற்றுவித்த தந்தை அப்துல்மனாப், கொரோனாவின் பின்விளைவுகளால் அவ்வாண்டு ஜூலையில் மறைந்திருந்தார். தந்தையின் மறைவுக்குப் பின் கபீப் ஏறிய முதற் களம் அது. கபீபே வெல்வார் என்று பெரும்பாலோர் கணித்தனர். அவரும் இரண்டாம் சுற்றிலேயே வென்றார். 29 போட்டிகள், 29 வெற்றிகள். கணிப்பு பலித்தது. ஆனால் வென்றவர் துள்ளிக் குதிக்கவில்லை. கூண்டின் நடுவே மண்டியிட்டு அழுதார். பின்னர்க் கையுறைகளைக் கழற்றித் தரையில் வைத்தார். தந்தை இன்றிக் களமேறுவதில்லை என்றும், இதுவே கடைசி என்று தாய்க்கு வாக்களித்து வந்ததாகவும் அறிவித்தார்.

அன்று சரியாகச் சொன்னவர்கள் எதைச் சரியாகச் சொன்னார்கள்? யார் வெல்வார் என்பதை. எதை அறியாதிருந்தார்கள்? ஒரு மகனின் உள்ளத்தில் இருந்ததை, அவன் தாயிடம் சொல்லி வந்ததை, அந்த இரவு அவனுக்கு எத்தகைய இரவு என்பதை. முடிவை அறிந்தவர்கள் மனிதனை அறியவில்லை.

கணிக்கும் ஆற்றல் இறைவன் அளித்த அறிவின் ஒரு கூறு. அதைத் தூக்கியெறியச் சொல்லி நம் பிள்ளைகளை நாம் கேட்கவில்லை. சொல்வதைச் சான்றோடு சொல்லட்டும், உறுதியின் அளவறிந்து சொல்லட்டும், பொய்த்தால் ஒப்புக்கொள்ளட்டும், காசை அதன் பக்கமே கொண்டு செல்லாதிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் தோற்பார் என்று சொன்ன மனிதர் எழுந்து நின்று வென்றுவிட்டால், தம் சொல் பொய்த்தமைக்கு வருந்தாமல் அவர் நலமாகத் திரும்பியமைக்கு மகிழும் உள்ளத்தை அவர்கள் பெறட்டும். தன் கணிப்பு தோற்கும்போதும் பிறன் நலனுக்காக மகிழத் தெரிந்தவனே, நாளையைப் பற்றிப் பேசத் தகுதியுடையவன்.