ஒருமுறை வெட்டிய வயிற்றை மறுமுறையும் வெட்டலாமா?

உடற்பருமனைக் குறைப்பதற்கென வயிற்றில் சத்திரசிகிச்சை செய்துகொள்வது இன்று நம் மத்தியிலும் புதுமையல்ல. கொழும்பில் அரசாங்க வைத்தியசாலையிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் அது செய்யப்படுகிறது. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்கு, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் உறவினர் வாயிலாகவும் அதன் பெயர் பழகிவிட்டது. செய்யலாமா என்ற கேள்வியைத் தாண்டி இப்போது வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. ஒருவகைச் சத்திரசிகிச்சையை முன்னரே செய்துகொண்டவர், அது போதிய பயன் தராதபோது, அல்லது புதியதொரு வருத்தத்தைக் கொண்டுவந்தபோது, இன்னொரு வகைக்கு மாறலாமா? இதை வைத்தியரிடம் மட்டும் கேட்டால் போதுமா, மனச்சாட்சியிடமும் கேட்கவேண்டுமா?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பம்பலப்பிட்டியில் ஒரு தாய். நீரிழிவும் முழங்கால் நோவும் உள்ளவர். ஆறு வருடங்களுக்கு முன் வைத்தியரின் ஆலோசனைப்படி சத்திரசிகிச்சை செய்தார். 30 கிலோ குறைந்தது. நீரிழிவுக் குளிசைகளும் குறைந்தன. இன்று அதில் 10 கிலோ திரும்பிவிட்டது. அதைவிடக் கொடியது நெஞ்செரிவு. படுத்தால் புளித்த நீர் தொண்டைவரை வருகிறது. மூன்று தலையணைகளை அடுக்கி, இருந்தபடியே இரவைக் கழிக்கிறார். வேறு வகைக்கு மாற்றலாம் என்கிறார் வைத்தியர். வீட்டிலோ, “வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு எத்தனை ஒபரேஷன்?” என்கிறார் மாமியார். மகளின் படிப்புக்கென வைத்த பணத்தை எண்ணிக் கணவர் மௌனமாயிருக்கிறார். இத்தாய் என்ன செய்யவேண்டும்?

முதலில் விடயத்தை அறிந்துகொள்வோம். அவர் செய்துகொண்டது ‘ஸ்லீவ்’ எனப்படுவது. இரைப்பையின் முக்காற்பங்குக்கு மேல் வெட்டி அகற்றி, எஞ்சியதை ஒடுங்கிய குழாய்போல் விட்டுவிடுவார்கள். அகற்றியதை மீண்டும் வைக்க முடியாது. மற்றது ‘பைபாஸ்’, இருதயத்துக்குச் செய்யும் பைபாஸ் அன்று. இதில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பைபோலாக்கி, சிறுகுடலை அதனுடன் நேரே இணைப்பார்கள். அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்து வைத்தியர் எட்வர்ட் மேசன் 1966இல் இதன் முதல் வடிவத்தைச் செய்தார். ஸ்லீவ் முறையின் பெருங்குறை புளிநீர் மேலெழுவதே. பின்லாந்தில் 240 நோயாளரை இரு பிரிவாக்கி ஒப்பிட்ட ஆய்வின் பத்தாண்டு முடிவு 2022இல் வெளிவந்தது. ஸ்லீவ் செய்தோரில் 31 வீதமானோருக்கும், பைபாஸ் செய்தோரில் 7 வீதமானோருக்கும் உணவுக்குழாயில் அழற்சி காணப்பட்டது. எனவே அத்தாயின் வருத்தம் கற்பனையன்று. கவனியாது விட்டால் உணவுக்குழாயின் உட்தோலே மாறக்கூடும்; அரிதாக அது புற்றுநோயாகவும் முடியலாம்.

இனி மாமியாரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். தலையான பாவங்கள் ஏழில் போசனப்பிரியமும் ஒன்று என்றும், அதற்கு எதிரான புண்ணியம் மட்டசனம் என்றும் ஞானோபதேசத்திலே படித்தோம். ஆனால் பருத்தவரெல்லாம் போசனப்பிரியர் என்று எந்த ஞானோபதேசமும் சொல்லவில்லை. மெலிந்தவரிலும் போசனப்பிரியர் உண்டு. எடை குறைந்ததும் உடல் அதை ஒரு பஞ்சமென்றே கொள்கிறது. பசியைத் தூண்டுகிறது, சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுகிறது. பரம்பரையும், சில மருந்துகளும், நித்திரைக் குறைவும் இதில் சேர்கின்றன. திரும்பிய 10 கிலோவில் எத்தனை கிலோ பாவம், எத்தனை கிலோ நோய் என்று நிறுத்துச் சொல்லத் தராசு எவரிடமும் இல்லை. நெஞ்செரிவோ உணவாசையால் மட்டும் வந்ததன்று. சத்திரசிகிச்சையின் விளைவாகவே வரக்கூடியது. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, பின்பு சிகிச்சை பற்றிப் பேசுவது முறையன்று. அப்படியே அவர் உணவில் தவறியிருந்தாலும் என்ன? புகைபிடித்து நெஞ்சுநோய் கண்டவனை வைத்தியசாலை வாசலில் நிறுத்தி விசாரணை செய்கிறோமா?

“கத்தியால் வந்த மட்டசனம் புண்ணியமாகுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சத்திரசிகிச்சை புண்ணியத்தைத் தருவதில்லை, தடையைக் குறைக்கிறது. சாராயத்தை விட விரும்புகிறவன் போத்தலை வீட்டில் வைத்திருக்காததனால் அவனுடைய முயற்சி பொய்யாகிவிடுவதில்லை. ஆயினும் போத்தலை அகற்றியதோடு எல்லாம் முடிந்துவிடுவதுமில்லை. பைபாஸ் செய்தவரும் சிறிது சிறிதாக, மென்று, ஒழுங்காக உண்ணவேண்டும். சீனிப் பண்டத்தை அள்ளி உண்டால் மயக்கமும் வியர்வையும் வரலாம்.

அடுத்து, உடலின் நல்ல உறுப்பொன்றை வெட்டி மாற்ற நமக்கு உரிமையுண்டா? உடலுக்கு நாம் எசமானர் அல்லர். அதைப் பராமரிக்கும் பொறுப்பாளரே. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1952 செப்டெம்பரில் வைத்திய அறிஞர்களுக்கு ஆற்றிய உரையில் இதை விளக்கினார். முழு உடலின் நன்மைக்காக ஓர் உறுப்பைத் தியாகம் செய்யலாம் என்பது அவர் காட்டிய நெறி. ஆகவே கத்தி வைப்பதே பாவமன்று. முழு மனிதனுக்கு நன்மை உண்டா என்பதே கேள்வி. உடல்நலம் பேணவேண்டும், ஆனால் உடலையே வழிபடலாகாது என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது. கலியாணப் பேச்சுக்கு வருகிறவர்களின் கண்ணுக்காக மட்டும் இரண்டாம் முறையும் வயிற்றைக் கொடுப்பதென்றால், அங்கே நிதானித்து நிற்கவேண்டும். ஆனால் இரவில் படுத்துறங்க விரும்பும் ஒரு பெண், கொஞ்சம் அழகாயிருக்கவும் விரும்பினால் அதனால் அவளுடைய நோக்கம் கெட்டுவிடுவதில்லை.

எனினும் ஆபத்தை மறைக்கலாகாது. முதற் சத்திரசிகிச்சையை விட இரண்டாவது கடினமானது. பழைய தழும்புகள் ஒட்டியிருக்கும், கசிவுக்கும் இரத்தப்பெருக்கிற்கும் இடமுண்டு. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் எடை குறைப்புச் சத்திரசிகிச்சையின்போது இறந்தார். அரசாங்கம் விசாரணை நடத்தியது. இத்தகைய மரணம் அரிது. ஆனால் அந்தத் தாய்தந்தையருக்கு அது அரிதாயிருக்கவில்லை. பைபாஸ் செய்தவர் இரும்புச்சத்து, கல்சியம், விற்றமின் பி12 முதலியவற்றை ஆயுள் முழுதும் எடுக்கவேண்டும். சாதாரண நோக்குளிசைகள் பலவற்றைத் தவிர்க்கவேண்டும், இல்லையேல் புண் உண்டாகும். 2022இல் நம் நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. ஆயுள் முழுதும் ஒரு குளிசையில் தங்கியிருப்பதென்பது இங்கே சிறிய காரியமன்று.

அப்படியானால் செய்தே ஆகவேண்டிய கடமை உண்டா? இல்லை. 1957 நவம்பரில் அதே பாப்பரசர், உயிரையும் நலத்தையும் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளவே கடமையுண்டு என்றார். ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்து, தனக்கோ பிறர்க்கோ பெரும் பாரமாகாத வழிகளே அவை. பெரும் ஆபத்தோ செலவோ உள்ள சிகிச்சையை ஒருவர் வேண்டாமென்றால் அது தற்கொலையாகாது என 1980இல் திருச்சபை மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆகவே மாறுவதற்கும் உரிமையுண்டு, மாறாதிருக்கவும் உரிமையுண்டு. தீர்மானம் அந்நோயாளியுடையது. கணவரோ மாமியாரோ பங்குச் சுவாமியோ அதை அவர் கையிலிருந்து பறிக்கலாகாது.

உரிமை உண்டென்பதனால் ஆராயாமல் செய்யலாம் என்றாகாது. அவர் மூன்று கேள்விகளைத் தன்னிடம் கேட்கட்டும். முதலாவது, எதற்காக மாறுகிறேன்? கமெரா விட்டுப் பார்த்து அழற்சி உறுதியாகி, மருந்தாலும் தணியவில்லையென்றால் காரணம் வலுவானது; பைபாஸுக்கு மாறியவர்களிற் பெரும்பாலோருக்கு நெஞ்செரிவு தணிகிறது. எடைக்காக மட்டுமென்றால் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளவேண்டும். இரண்டாம் முறை குறைவது பொதுவாக முதல்முறை அளவுக்கு வராது. இரண்டாவது, இதைவிட இலேசான வழி உண்டா? உணவு ஆலோசகரும், புளிநீரைக் குறைக்கும் மருந்தும், இப்போது வந்துள்ள வாராந்த ஊசிமருந்தும் கவனிக்கப்பட்டனவா? மூன்றாவது, பாரம் யார்மேல் விழுகிறது? மகளின் படிப்புப் பணம் ஒரு பாரம். நடமாட முடியாத தாயும் அம்மகளுக்கு ஒரு பாரமே. இரண்டையும் ஒரே தராசில் வைக்கவேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகச் செய்ய வழியிருந்தால், காத்திருப்பதும் விவேகமாகலாம்.

“முன்பு செலவழித்ததெல்லாம் வீண்தானா?” என்ற எண்ணத்தையும் விட்டுவிடவேண்டும். அது ஆறு வருடம் நடக்கவும் உழைக்கவும் உதவியது. 1950களில் தொடங்கிய சிறுகுடல் பைபாஸ் என்னும் பழைய முறை பலருடைய ஈரலைக் கெடுத்தபோது, வைத்தியர்கள் அதைக் கைவிட்டு, பலருக்கு அதைத் திருப்பியும் கொடுத்தார்கள். தீங்கு தெரிந்தபின் வழியை மாற்றுவது சபலமன்று, விவேகம்.

அன்பான வாசகர்களே, நம் வீடுகளில் இப்படியொருவர் இருந்தால், ஞாயிறு மத்தியானச் சோற்றுக் கோப்பையை எண்ணிக்கொண்டிருக்கும் கண்களை அவர்மேலிருந்து எடுத்துவிடுவோம். வைத்தியரிடம் கூடச் செல்வோம், கேட்கவேண்டியதைக் கேட்போம். பூசைக்கு நடந்து வருகிறவரைப் பார்த்து “இன்னும் மெலியவில்லையே” என்பதற்குப் பதிலாக, “இரவு நித்திரை வந்ததா?” என்று கேட்போம்.