அலமாரியும் மைக்கும்

ஊர் ஊராகச் சுற்றி மாவட்ட நூல்கள் எழுதிய சோமலெ பிறந்த நெற்குப்பையில், அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. ஒரு ஜாதியை இழிவாகப் பேசும் புத்தகத்தை அப்படியொரு நூலகத்தில் வைக்கலாமா?

வைக்கலாம் என்பேன். தேடிப்போகிறவர்தான் படிப்பார், பதில் சொல்லும் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கும். அதையே திருவிழா மைக்கில் வாசிக்கிறேன் என்றால்? கூட்டத்தில் அந்த ஜாதிக் குழந்தையும் பலூனோடு நிற்குமே! அது எங்கே போய்க் காதைப் பொத்திக்கொள்ளும்?

இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் படத்தைக் காப்பாற்றியது. கலவர மிரட்டலுக்குப் பயந்து கருத்தை அடக்கக்கூடாது, ஆனால் வெடிமருந்தில் விழும் பொறி போன்ற பேச்சு வேறு என்றது. 2015-ல் 66ஏ பிரிவை ரத்து செய்தபோதும், விவாதிக்கலாம், வாதாடலாம், தூண்டிவிடுவதைத்தான் தடுக்கலாம் என்று கோடு கிழித்தது.

பேச அவருக்கு உரிமை உண்டு, சரி. அதற்காக நம்ம மைக்கைக் கொடுத்தே ஆகணும் என்று கட்டாயமில்லை. கொடுக்காவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை. அவருக்கான பதிலை நீங்கள் சொல்லியாக வேண்டும். பதில் கிடைக்காத வெறுப்பு திண்ணையில் உட்கார்ந்து ரகசியமாய் வளரும்.