வாக்கில்லாதவர்களின் நீதிபதி

வட்டுவாகலில் 2009 மே மாதம் கணவனை இராணுவத்திடம் கையளித்துவிட்டு வந்த பெண்கள் வன்னியில் பலர். அவர்களில் ஒருத்திக்கு மகளின் கலியாணம் நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செலவுக்கு விற்கக்கூடிய சீதனக் காணி தாயின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். மரணச் சான்றிதழ் எடுத்தால் தடை நீங்கும். “செத்தவர் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்று மறுப்பவளை யார் குறை சொல்ல முடியும்? கணவனின் இருப்பிடம் தெரியாதபோது மாவட்ட நீதிபதியே அந்த அனுமதியைத் தரலாம் என்று அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2016இல் வந்த மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) திருத்தச் சட்டம், காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற இன்னொரு வழியையும் தந்தது.

அந்தக் கதவடியில் இருக்கும் நீதிபதியைத் தெரிவுசெய்யும் உரிமை யாருக்கு? இன்று அவரை நியமிப்பதும் இடமாற்றுவதும், பிரதம நீதியரசரின் தலைமையில் கொழும்பில் இயங்கும் நீதிச்சேவை ஆணைக்குழு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மரணசாசனம், முதுசம், பாதுகாவலர் வழக்குகளுக்கென்றே 54 நீதிமன்ற மாவட்டங்கள் உள்ளன. அவற்றின் நீதிபதிகளை மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். கிளிநொச்சி மக்களுக்கும் அந்த உரிமை இருந்தால் என்ன?

இந்த ஆசையை லேசாகத் தள்ளிவிட முடியாது. தேசவழமையே ஊராரிடமிருந்து வந்தது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அதைத் தொகுத்து 1707இல் கையளித்தபோது, பன்னிரண்டு தமிழ் முதலிமார் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அது சட்டமாயிற்று. 1990களில் விடுதலைப் புலிகள் தனி நீதிமன்றங்களையும் சட்டக்கோவைகளையும் ஏற்படுத்தினார்கள். அங்கும் நீதிபதியை நியமித்தது இயக்கம்தான், ஊர் அல்ல. முன்னர் ஆயுதம், இன்று தலைநகரம். தன் நீதிபதி யார் என்று வன்னியிடம் ஒருவரும் கேட்டதில்லை.

இருந்தும் இந்த வழக்குகளுக்குத் தேர்தல் பொருந்தாது. யாருக்காக இந்த நீதிமன்றம் இருக்கிறது என்று பார்த்தால் போதும். மரணசாசனம் எழுதியவர் இறந்துவிட்டார். சொத்துக்குரியவர் காணாமற்போய்விட்டார். பாதுகாவலர் தேவைப்படும் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகவில்லை. மூவருக்கும் வாக்கில்லை. வாக்கிருப்பது எதிர்ப்பக்கத்தில்: காணியைக் கேட்கும் பெரியப்பாவுக்கும், அவருடைய பகுதியாருக்கும், அவர்களைத் திரட்டித் தரும் கட்சிக்காரருக்கும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்க்கிறேன் என்று அம்மம்மாவும் பெரியப்பாவும் ஒரே நாளில் மன்றுக்கு வருகிறார்கள். அம்மம்மாவுக்கு ஒரு வாக்கு, பெரியப்பாவுக்குப் பின்னால் நாற்பது வாக்கு. அடுத்த தேர்தலை எதிர்பார்த்திருக்கும் நீதிபதி நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்த நாற்பது அவர் கண்ணில் படாமல் இருக்குமா?

இந்த ஆபத்தைத் தேசவழமையே உணர்ந்திருந்தது. மனைவி இறந்து மறுமணம் செய்யும் தகப்பன், பிள்ளைகளைத் தாய்வழி உறவினர் வளர்க்கக் கொண்டுபோகையில், அவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும் முதல் மணத்தின் தேடியதேட்டத்தில் பாதியையும் கூடவே கொடுக்க வேண்டும் என்றது. பெற்ற தகப்பனிடமே பிள்ளையின் சொத்தைக் கணக்குக் கேட்ட வழமை அது. அந்தக் கணக்கைக் கேட்பவர் யாருடைய தயவிலும் இருக்கக்கூடாது.

நியமனம் என்பதாலேயே நீதிபதிக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் வன்னி கண்டிருக்கிறது. குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது தொடர்பான வழக்கை விசாரித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிரச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணம் காட்டி 2023 செப்டெம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் வாக்கால் வந்தவராக இருந்திருந்தால் மக்களின் பலம் அவர் பின்னால் நின்றிருக்கும் என்று வாதிடலாம். ஆனால் அவருடைய ஒவ்வொரு கட்டளையும் ‘வாக்குக்காகக் கொடுத்தது’ என்று தெற்கில் தள்ளப்பட்டிருக்கும். அவர் யாருக்கும் கடன்பட்டவரல்லர் என்பதுதான் அந்தக் கட்டளைகளுக்கு எடை தந்தது. நியமனம் சுதந்திரமாக நடந்தால் போதாது, நியமிக்கப்பட்டவரைக் காக்கும் கடமையும் அதோடு சேர்ந்ததே. அதில் அரசு தவறியதற்கு வாக்குப்பெட்டி பரிகாரம் ஆகாது.

ஆகவே நீதிபதியைத் தெரிவுசெய்யும் உரிமையைவிட, நீதிபதியிடம் எதிர்பார்க்கும் உரிமையை வன்னி உரத்துக் கேட்கலாம். தமிழில் விசாரிக்கவும் தமிழில் தீர்ப்பெழுதவும் வல்லவர் வேண்டும். தேசவழமை தெரிந்தவர் வேண்டும். 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்கு அது பொருந்துமா என்று நிதானமாகப் பார்ப்பவராகவும் இருக்க வேண்டும். பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் பிள்ளையின் காணியையும் நட்டஈட்டுப் பணத்தையும் என்ன செய்தார் என்று ஆண்டுதோறும் கணக்குக் கேட்க வேண்டும். முக்கியமாக, பாதுகாவலர் வழக்கின் நடுவில் நீதிபதியை மாற்றக்கூடாது. மாற்றினால், பிள்ளையைத் தனியே கூப்பிட்டு “நீ ஆரோட இருக்க விரும்புறாய்?” என்று கேட்டவர் ஒருவராகவும், அந்தப் பதிலைக் கோப்பில் மட்டும் வாசித்துத் தீர்ப்பெழுதுபவர் இன்னொருவராகவும் ஆகிவிடுவார்கள்.